எண்ணெய் டர்பைனா, பேட்டரியா? தென் ஆஸ்திரேலியாவின் இரண்டு ஏற்பாடுகள்

2016 செப்டம்பர் 28 அன்று அடித்த புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து, தென் ஆஸ்திரேலியா மாநிலமே இருண்டது. மறு பிப்ரவரி வெயிலில் மீண்டும் மின்வெட்டு. பொறுத்தது போதும் என்று அரசு 2017இல் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது. ஒன்று, ஜேம்ஸ்டவுன் பக்கத்தில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஹார்ன்ஸ்டேல் என்ற ராட்சத பேட்டரி. மற்றொன்று, அடிலெய்டை ஒட்டிய எலிசபெத்திலும் லான்ஸ்டேலிலும் டீசலில் ஓடி மின்சாரம் தயாரிக்கும் ஒன்பது டர்பைன்கள்.

பெயரும் புகழும் பேட்டரிக்கே போயின. நூறு நாளில் முடிக்காவிட்டால் இலவசம் என்று ஈலான் மஸ்க் சவடால் விட்ட பேட்டரி அல்லவா!

அதன் வேகத்தில் குறை சொல்ல முடியாது. 2017 டிசம்பர் 14 அன்று பக்கத்து மாநிலமான விக்டோரியாவின் லாய் யாங் நிலக்கரி மின் நிலையத்தில் 560 மெகாவாட் யூனிட் ஒன்று திடீரென நின்றது. கண் இமைக்கும் நேரத்தில் பேட்டரி மின்சாரத்தை உள்ளே தள்ளியது. ஆனால் தள்ளியது 7 மெகாவாட் சொச்சம்தான். கைதட்டிய பலரும் இதைச் சொல்லவில்லை. டர்பைனுக்கோ முழு வேகம் பிடிக்கச் சுமார் பத்து நிமிடம் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கும் கல்யாண மண்டப ஜெனரேட்டருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

சரி, எவ்வளவு நேரம் தாங்கும்? பேட்டரி தொடக்கத்தில் ஒரே நேரத்தில் தரக்கூடியது 100 மெகாவாட், சேமிப்பு 129 மெகாவாட்-மணி. முழு வீச்சில் ஓட்டினால் ஒன்றேகால் மணி நேரத்தில் காலி. டர்பைன்கள் சேர்ந்து 276 மெகாவாட். டீசல் லாரி வந்துகொண்டிருக்கும்வரை ஓடும். 2019 ஜனவரி 24 அன்று அடிலெய்டில் 46.6 டிகிரி வெயில். அன்றுதான் அவற்றை முதன்முதலாக அவசரத்துக்கு ஓட்டினார்கள். ஓராண்டுக்கு மேல் சும்மா நின்றதை வீண் என்றவர்கள் உண்டு. அவசர இயந்திரம் தினமும் ஓட வேண்டியிருந்தால்தான் கவலை என்பேன்.

செலவில் டர்பைன் தோற்கிறது. எரிகிற எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மின்சாரமாகிறது, புகை வேறு. பேட்டரி மின்கட்டத்தின் அதிர்வெண்ணை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதைச் சீராக்கித் தினமும் காசு சம்பாதிக்கிறது.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் பேட்டரியை வாங்கிவிட்டு, டர்பைனைக் கோடைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பேன். டிரெய்லரில் ஏற்றி இழுத்துவரக்கூடிய ரகம்தானே அது. அந்த அரசும் முதலில் வாடகைக்குத்தான் பேசியது. அப்புறம் மனம் மாறி விலைக்கே வாங்கி, 2019இல் தனியாருக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது.