வீட்டு போனை இன்ரநெற் போனாக மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு: பழைய லைனை நீங்களே வெட்டாதீர்கள்

ரொறன்ரோவின் ஸ்காபரோ அடுக்குமாடிகளில் கதவைத் தட்டியும், கடை வாசலில் மேசை போட்டும், அழைப்பெடுத்தும் இன்ரநெற் போன் விற்கிறார்கள். சேவை எல்லாமே மோசடி என்று சொல்ல முடியாது. ஒழுங்காக மாற்றினால் மாதக் கட்டணம் உண்மையிலேயே குறையும். ஆனால் ஏமாந்தவர்களுக்கு நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரித்தான். விற்க வந்தவர் தமிழில் அன்பாகக் கதைக்கிறார். "அம்மா, அதே 416 நம்பர்தான். ஊருக்கும் சும்மா கதைக்கலாம். பழைய கொம்பனிக்கு நீங்களே அடிச்சு லைனை நிற்பாட்டச் சொல்லுங்கோ, மிச்சத்தை நாங்கள் பார்க்கிறம்" என்கிறார். அம்மாவும் அடித்துச் சொல்லிவிடுகிறார். மறுநாள் போன் செத்துக் கிடக்கிறது. ஒரு கிழமை கழித்து, வீட்டு போனை இன்ரநெற்றோடு இணைக்கிற அடப்ரர் பெட்டி தபாலில் வருகிறது. செருகிப் பார்த்தால் 437 இல் தொடங்கும் ஏதோ ஒரு புது இலக்கம். கேட்டால், "உங்கட பழைய நம்பர் இப்ப பாவனையில் இல்லை, அதனால் எடுக்க முடியேல்லை" என்கிறார்கள். அப்படியென்றால் சேவையே வேண்டாம் என்றால், மூன்று வருட ஒப்பந்தம், முறித்தால் அபராதம்.

எடுக்க முடியவில்லை என்ற அந்தப் பதில் பொய்யும் இல்லை. உயிரோடு இருக்கிற இலக்கத்தைத்தான் ஒரு கொம்பனியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். இதை 'போர்ட் பண்ணுவது' என்பார்கள். கோரிக்கையை அனுப்ப வேண்டியது புதிய கொம்பனி. பழைய கொம்பனி தன் பதிவோடு ஒத்துப் பார்த்து, சரியென்றால் ஒரு திகதி கொடுக்கும். அந்தத் திகதியில் இலக்கம் மாறியதும் பழைய லைன் தானாக நின்றுவிடும். நீங்கள் முந்திக்கொண்டு வெட்டினால் ஒத்துப் பார்க்கக் கணக்கே இருக்காது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற உறவு, குடும்ப வைத்தியர், கோயில், வங்கி எல்லோரும் இருபது வருடமாக வைத்திருந்த இலக்கம் ஒரு வாய்ச்சொல்லில் போய்விடும். இது தெரியாத விற்பனையாளர் அந்தத் தொழிலில் இருக்கக் கூடாது. தெரிந்தும் சொல்கிறவருக்கு உங்கள் கையெழுத்து மட்டும்தான் தேவை.

அப்படி வெட்டிவிட்டீர்கள் என்றால் அதே நாளிலேயே பழைய கொம்பனிக்கு அழையுங்கள். "அதே இலக்கத்தோடு லைனைத் திரும்பக் கொடுங்கள்" என்று கேளுங்கள். வெட்டிய இலக்கம் உடனே இன்னொருவருக்குப் போவதில்லை, சில காலம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். முதல் சில நாட்களில் மீட்க வழி அதிகம், நாள் போகப் போகக் குறையும். லைன் உயிர்த்து, கணக்கு இலக்கமும் கையில் கிடைத்த பிறகே போர்ட் கோரிக்கையை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

கோரிக்கையோடு புதிய கொம்பனி உங்களிடம் ஓர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும். அதில் பெயர், முகவரி, கணக்கு இலக்கம், தொலைபேசி இலக்கம் நான்கும் பழைய கொம்பனியின் பதிவில் இருப்பது போலவே இருக்க வேண்டும். கோரிக்கைகள் திரும்பி வருவது பெரும்பாலும் இங்கேதான், அதிலும் தமிழ்ப் பெயர்களுக்கு இது கூடுதலாக நடக்கிறது. பில்லில் தகப்பன் பெயர் முதலாவதாகவும் சொந்தப் பெயர் கடைசிப் பெயராகவும் இருக்கும், விண்ணப்பத்தில் அது தலைகீழாகப் போகும். பில்லில் முதலெழுத்து மட்டும் இருக்கும், கடிதத்தில் முழுப்பெயர் எழுதுவார்கள். அடுக்குமாடி வீட்டு இலக்கம் முகவரிக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதுகூடச் சில வேளை தகராறாகும். விற்பவரை உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து நிரப்ப விடாதீர்கள். கடைசி பில்லை மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து நீங்களே நிரப்புங்கள்.

காலமான கணவரின் பெயரிலோ, வேறு நகரத்துக்குப் போய்விட்ட மகனின் பெயரிலோ லைன் இருந்தால், முதலில் பழைய கொம்பனியிலேயே கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றி, புதுப் பெயரோடு ஒரு பில் வரும்வரை பொறுங்கள். இடையில் வேறு எந்த மாற்றமும் கேட்க வேண்டாம். கணக்கில் இன்னும் முடியாமல் நிற்கிற வேலை ஒன்று கிடந்தால் போர்ட் கோரிக்கை அதற்காகவே திரும்பி வரும். ஒரே லைனில் வேறு மணியோசையோடு இரண்டாவது இலக்கம் வைத்திருப்பவர்கள் அதையும் கோரிக்கையில் சேர்க்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது லைனோடு போய்விடும். குரலஞ்சலில் இருப்பவை எப்படியும் அழியும். காக்க வேண்டிய குரல் ஏதும் இருந்தால் முன்னரே கைத்தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள்.

வீட்டு இன்ரநெற் அதே செப்புக் கம்பியில் வருகிறதா என்று பாருங்கள். டிஎஸ்எல் (போன் கம்பி வழியே வரும் இன்ரநெற்) என்றால் கட்டாயம் பாருங்கள். இலக்கத்தைக் கழற்றியதும் இன்ரநெற்றும் சேர்ந்து நின்றுவிடலாம். பிறகு இன்ரநெற் போனுக்கு இன்ரநெற்றே இல்லை. முன்கூட்டியே அதை 'ட்ரை லூப்' என்ற போன் இல்லாத லைனாக மாற்ற வேண்டும், அதற்குத் தனி மாதக் கட்டணம் உண்டு. விற்பவர் சொல்லும் 'மிச்சம்' என்ற கணக்கில் அந்தக் கட்டணம் இருக்காது. போன், ரிவி, இன்ரநெற் மூன்றும் ஒரே பொதியாக இருந்தால், போனைக் கழற்றியதும் மற்ற இரண்டுக்கும் இருந்த தள்ளுபடி போகலாம். அழைத்து எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை வேறு: எத்தனை மாதம், முறித்தால் எவ்வளவு, அடப்ரர் வாடகைக்கா விலைக்கா, இலக்கத்தை வெளியே கொண்டுபோகக் கட்டணம் உண்டா. 'உலகம் முழுவதும் இலவசம்' என்றால் நாடுகளின் பட்டியலைக் கேளுங்கள். இலங்கை அதில் இல்லாமல் இருப்பதும், இருந்தாலும் கைத்தொலைபேசிக்கு நிமிடக் கணக்கில் அறவிடுவதும் வழமை. கொம்பனி தருகிற அடப்ரர் பெரும்பாலும் அவர்களுக்கே பூட்டப்பட்டது, வேறு சேவையில் வேலை செய்யாது. சொந்தமாக அடப்ரர் வாங்கிப் போடலாம் என்று அனுமதிக்கிற சேவைகளும் உண்டு. கிராண்ட்ஸ்ட்ரீம் கொம்பனியின் அடப்ரர்களில் எச்டி801 (HT801) ஒரு போனுக்கு, எச்டி802 (HT802) இரண்டுக்கு. அப்படிச் செய்பவர்கள் கடவுச்சொல்லை நீளமாக வைத்து, வெளிநாட்டு அழைப்பை முற்பணத் தொகைக்குள் கட்டுப்படுத்த வேண்டும். கடவுச்சொல்லைத் திருடி இரவோடிரவாக கூடுதல் கட்டணம் அறவிடுகிற வெளிநாட்டு இலக்கங்களுக்கு அழைக்கிற கூட்டம் இருக்கிறது, அந்த பில் உங்களுக்கே வரும்.

அடப்ரர் பூட்டுவது சுலபம்: ரவுட்டரிலிருந்து வலைக்கம்பி, மின்சாரம், போன் துளையில் போன். ஆனால் வீடு முழுக்க உள்ள சுவர்ச் சொக்கெற்றுகளிலும் போன் வேலை செய்ய வேண்டும் என்று அடப்ரரைச் சுவரில் செருகுகிறவர்கள் கவனம். பழைய லைனில் 48 வோல்ற் அளவு நேர்மின் எப்போதும் நிற்கும், மணி அடிக்கும்போது 90 வோல்ற் அளவு மாறுமின் வரும். அது அடப்ரருக்குள் போனால் அடப்ரர் எரியும். தனி வீடு என்றால் வெளிச்சுவரிலோ நிலவறையிலோ உள்ள சாம்பல் நிறப் பெட்டியில் வெளிக்கம்பியை முதலில் கழற்ற வேண்டும். அடுக்குமாடியில் பொதுக் கம்பிப் பெட்டியில் கை வைக்க வேண்டாம். கையில் எடுத்துப் பேசும் கருவிகள் மூன்று நான்கு உள்ள கோட்லெஸ் (கம்பியில்லா) போன் ஒன்று வாங்கி, அதன் அடித்தளத்தை மட்டும் அடப்ரரில் பூட்டினால் போதும். பழைய மணி போன்கள் நாலைந்தை ஒரே அடப்ரரில் தொடுத்தால் மணி அடிக்கச் சக்தி போதாது. சுழற்றி அடிக்கிற போன் பல அடப்ரர்களில் வேலையே செய்யாது.

"வெளியே அடிக்க முடிகிறது, உள்ளே வருகிற அழைப்பு மட்டும் நேரே குரலஞ்சலுக்குப் போகிறது" என்பதுதான் அதிகம் கேட்கும் குறை. உதவி மையம் அடப்ரரைக் கழற்றி மாட்டச் சொல்லிக் காலம் கடத்தும். காரணம் பெரும்பாலும் ரவுட்டரில் இருக்கும். அடப்ரர் தன்னைக் கொம்பனியின் கணினியில் இடைக்கிடை பதிந்துகொண்டே இருக்க வேண்டும். ரவுட்டர் சும்மா இருக்கிற வழியை மூடிவிட்டால் அழைப்பு உள்ளே வராது. ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG) என்று, இன்ரநெற் போன் அழைப்பில் கை வைக்கிற அமைப்பு ஒன்று இருந்தால் அணையுங்கள், அடப்ரரில் அந்த வழியை மூடவிடாமல் வைக்கிற 'கீப் அலைவ்' (Keep Alive) என்பதை 30 விநாடி அளவில் வையுங்கள். ஒருபக்கக் குரல் மட்டும் கேட்டால், கொம்பனி மொடெமும் உங்கள் ரவுட்டரும் இரண்டும் ரவுட்டராக வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். மொடெமின் ரவுட்டர் வேலையை நிற்பாட்டுகிற 'பிரிட்ஜ்' நிலைக்கு அதை மாற்றினால் சரிவரும். வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 90 கிலோபிற் போதும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மறப்பது கீழ்வாசல் பஸர். விருந்தாளி கீழே உங்கள் குறியீட்டை அழுத்தினால் அந்தப் பெட்டி உங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கும், நீங்கள் 6 ஐயோ 9 ஐயோ அழுத்தினால் கதவு திறக்கும். இன்ரநெற் போனில் அந்த இலக்க ஒலி சிதைந்தால் கதவு திறக்காது. அடப்ரரில் டிரிஎம்எஃப் (DTMF) எனப்படும் அந்த இலக்க ஒலியை அனுப்பும் முறையை 'ஆர்எஃப்சி 2833' (RFC 2833) ஆகவோ, அதற்கும் சரிவராவிட்டால் 'இன் பாண்ட்' ஆகவோ மாற்றிப் பாருங்கள். விற்பனை அழைப்புகளைத் தடுக்கிற 'ஓர் இலக்கத்தை அழுத்துங்கள்' வகைச் சேவை இருந்தால் பஸர் பெட்டியால் அதை அழுத்த முடியாது. அதன் இலக்கத்தை விதிவிலக்காகச் சேர்க்க வேண்டும். கழுத்தில் தொங்கும் மருத்துவ அவசரப் பொத்தானும் திருடர் எச்சரிக்கைப் பெட்டியும் செப்பு லைனை நம்பிச் செய்யப்பட்டவையாக இருக்கலாம். மாற்றுவதற்கு முன்னரே அந்தந்தச் சேவைக்கு அழைத்துக் கேளுங்கள், மாற்றிய அன்றே சோதனை அழைப்புச் செய்யுங்கள்.

அவசர உதவி இலக்கமான 911 பற்றி விற்பவர் வாயே திறப்பதில்லை. பழைய லைனில் 911 அழுத்தினால் உங்கள் முகவரி அவசர சேவையின் திரையில் தானாகத் தெரியும். எங்கேயும் கொண்டுபோய்ச் செருகக்கூடிய அடப்ரர் சேவைகளில் அழைப்பு முதலில் ஓர் இடைநிலையத்துக்குப் போகும். அவர்கள் முகவரியைக் கேட்டு உரிய ஊருக்கு இணைப்பார்கள். பேச முடியாவிட்டால் பதிவில் இருக்கிற முகவரிதான் கதி. 2008 ஏப்ரிலில் கல்கரியில் ஒன்றரை வயதுக் குழந்தைக்காக இப்படியான போனில் 911 அழைத்தபோது, குடும்பம் முன்பு வசித்த மிசிசாகா முகவரிக்கு ஆம்புலன்ஸ் அனுப்பப்பட்டது. அந்தக் குழந்தை இறந்துவிட்டது. ஆகவே அடப்ரர் வந்த அன்றே இணையக் கணக்கில் 911 முகவரியை அடுக்குமாடி வீட்டு இலக்கத்தோடு பதியுங்கள், வீடு மாறினால் அன்றே திருத்துங்கள். சில சேவைகளில் 933 அழுத்தினால் பதிவான முகவரியை வாசித்துக் காட்டும். சோதனைக்கு 911 ஐ அழுத்த வேண்டாம். ஆங்கிலம் வராத அம்மா அப்பாவுக்கு, முகவரியை ஆங்கில உச்சரிப்பில் தமிழெழுத்தில் பெரிதாக எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

செப்பு லைனுக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் பற்றரியிலிருந்து வரும். அடப்ரருக்கு உங்கள் சுவரிலிருந்துதான் வரும். 2013 டிசெம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போய், சில வீடுகளுக்கு நாட்கணக்கில் வரவில்லை. மொடெம், ரவுட்டர், அடப்ரர் மூன்றையும், மின்சாரம் போனால் பற்றரியில் ஓடவைக்கிற ஒரு யூபிஎஸ்ஸில் போடுங்கள். 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி உள்ள சிறிய பெட்டி ஒரு மணி நேரமாவது தாங்கும், ஒரு நாள் தாங்காது. வீட்டு இன்ரநெற் எந்தக் கொம்பனியோ, கைத்தொலைபேசி வேறு வலையமைப்பில் இருக்கட்டும். 2022 யூலை 8 இல் ஒரு பெரிய வலையமைப்பு நாடு முழுவதும் விழுந்தபோது, இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருந்த வீடுகளில் எதுவுமே வேலை செய்யவில்லை.

போர்ட் நாளில் பழைய போனையும் புதிய போனையும் இரண்டையும் மாட்டியே வையுங்கள். வேறு வேறு வலையமைப்புக் கைத்தொலைபேசிகளிலிருந்து அழைத்துப் பாருங்கள். சில மணி நேரம் சில அழைப்பு பழையதிலும் சில அழைப்பு புதியதிலும் அடிக்கலாம். எல்லாம் புதியதில் அடிக்கத் தொடங்கிய பிறகு பழைய கொம்பனிக்கு அழைத்து, கணக்கு மூடியதை உறுதி செய்து உறுதி இலக்கம் வாங்குங்கள். "30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், அதுவரை கட்டுங்கள்" என்றால் மறுங்கள். அந்தப் பழக்கத்தை கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி 2015 ஜனவரி 23 முதல் தடை செய்துவிட்டது. ஒப்பந்த முறிவுக் கட்டணம் வேறு விடயம், அது ஒப்பந்தத்தில் இருந்தால் கட்ட வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: ஒன்ராறியோவில் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ செய்யுங்கள், வாயால் வேண்டாம். அந்த நாட்கள் கடந்துவிட்டால் முதலில் கொம்பனியிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். சரிவராவிட்டால் சிசிடிஎஸ் என்ற தொலைத்தொடர்பு முறைப்பாட்டு ஆணையத்துக்குப் போங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 5,000 டொலர் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. அனுமதிக் கடிதத்தின் பிரதி, பழைய கொம்பனியின் கடைசி பில், லைன் வெட்டப்பட்ட திகதி, புதிய கொம்பனி முதலில் பணம் எடுத்த திகதி, விற்பவர் அனுப்பிய வாட்சப் செய்திகள், இவை ஐந்தும் வேண்டும். கோரிக்கை எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது, எந்தக் காரணத்தால் திரும்பியது என்று புதிய கொம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். கோரிக்கையே அனுப்பாமல் மாதக் கட்டணம் மட்டும் எடுத்திருக்கிறார்களா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.