கேரக்டர் தோற்றால் என்ன ஆகும்? நான்கு ஆர்பிஜிகள், நான்கு பதில்கள்

புதிதாக ஒரு ஆர்பிஜி (ஆளுக்கொரு கேரக்டராக மாறி மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்-பிளேயிங் கேம்) விதிப்புத்தகம் கிடைத்தால் நான் முதலில் தேடுவது, சண்டையில் தோற்றால் என்ன ஆகும் என்று சொல்கிற பக்கத்தைத்தான். அங்கே எனக்கு ஒரே கேள்வி: முழுசாக விழுவதற்கு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டு விலகும் ஆட்டக்காரருக்கு இந்த விதி ஏதாவது தருகிறதா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு (2014) எதுவும் தருவதில்லை. கேரக்டரின் ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) பூஜ்யமானால் மயக்கம். அப்புறம் உங்கள் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் என்றால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றி வந்தால் உயிர் தங்கும், மூன்று தோல்வி வந்தால் மரணம். கணக்கு இரண்டுக்கு இரண்டாக நிற்கும்போது அடுத்த உருட்டலை மேசையே எழுந்து நின்று பார்க்கும். அந்தப் பதற்றம் அருமையானது, மறுக்கவே மாட்டேன்.

ஆனால் நடைமுறையில் நடப்பது வேறு. ஓகர் என்கிற ராட்சதனிடம் அடி வாங்கி ஃபைட்டர் (குழுவின் போர்வீரர்) விழுகிறார். கிளெரிக் (குணப்படுத்தும் மந்திரம் தெரிந்த பூசாரி) அறுபது அடி தள்ளி நின்றே, முறைக்குள் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில், ஹீலிங் வேர்ட் மந்திரம் சொல்கிறார். ஐந்தாறு ஹிட் பாயின்ட்டோடு எழுந்த ஃபைட்டர் எதுவும் நடக்காதது போல வாளை வீசுகிறார். ஓகர் மறுபடி அடிக்க, மறுபடி விழுகிறார்; மறுபடி ஹீலிங் வேர்ட். எழுந்ததும் பழைய தோல்விக் கணக்கும் அழிந்துவிடும். விழுவதற்கு விலையே இல்லை. எதிரியின் பக்கத்திலிருந்து ஓட நினைத்தாலோ முதுகில் ஒரு அடி காத்திருக்கும். பிறகு யார் ஓடுவார்கள்? கிளெரிக்கும் சாயும்போதுதான் நிலைமை உறைக்கும். அதற்குள் மொத்தக் குழுவும் காலி.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு (2019) இந்த ஓட்டையை நேராக அடைக்கிறது. முதல் முறை விழுந்தால் டையிங் 1, அதாவது சாவை நோக்கி முதல் படி. பிழைத்து எழும்போது வூண்டட் 1 என்ற காயக் குறி ஒட்டிக்கொள்ளும், அதனால் அடுத்த வீழ்ச்சி டையிங் 2-இல் தொடங்கும். டையிங் 4 வந்தால் சாவு. ஒருமுறை விழுந்தவர் அடுத்த அடிக்கு நிஜமாகவே பயப்படுவார். கணக்கு சுத்தம். ஆனாலும் இது பயமுறுத்துவதோடு நின்றுவிடுகிறது. விலகுபவருக்கு இங்கேயும் கையில் எதுவும் கிடைப்பதில்லை.

ஃபேட் கோர் (2013) தருகிறது. எதிராளி பகடையை உருட்டும் முன் ‘நான் தோற்றேன்’ என்று சொல்லிவிட்டால் ஒரு ஃபேட் பாயின்ட் (பிறகு செலவழித்து ஆட்டத்தை உங்களுக்குச் சாதகமாக்க உதவும் புள்ளி), அந்த மோதலில் பட்ட ஒவ்வொரு காயத்துக்கும் இன்னொன்று. எப்படித் தோற்கிறீர்கள் என்பதிலும் உங்களுக்குப் பேச்சுரிமை உண்டு: விலா உடைந்த வாள்வீரனை, செத்துவிட்டான் என்று நினைத்து ஆற்றில் தள்ளிவிட்டு எதிரிகள் போகலாம். அவர்கள் வந்த காரியம் அவர்களுக்குக் கைகூடும், அதுதான் தோல்வி. சொல்லாமல் பிடிவாதமாக நின்று வீழ்ந்தால் உங்கள் கதியை எதிராளி தீர்மானிப்பார். தோல்வியை இவ்வளவு மரியாதையாக நடத்தும் விதி வேறு நான் பார்த்ததில்லை. ஒன்று மட்டும்: கேரக்டருக்குள்ளேயே இருந்து ஆட விரும்புகிறவர்களுக்கு, நடுச் சண்டையில் கதாசிரியராக மாறிப் பேரம் பேசுவது ஒட்டாது.

அவர்களுக்குத் தர்ட்டீன்த் ஏஜ் (2013). எந்தச் சண்டையிலும், எந்த ஆட்டக்காரரின் முறையிலும், ‘ஓடலாமா?’ என்று ஒருவர் கேட்கலாம். எல்லோரும் சம்மதித்தால் விழுந்தவர்களையும் தூக்கிக்கொண்டு குழு தப்பித்துவிடும். பகடை கிடையாது, முதுகில் அடி கிடையாது. பதிலுக்குக் கேம்பெய்னில், அதாவது பல அமர்வுகளாகத் தொடரும் கதையில், ஒரு இழப்பு: குழு எடுத்துக்கொண்ட காரியம் ஒன்று, அதே எதிரிகளைப் பிறகு தேடிப்போய்க் கொன்றாலும் சரிசெய்ய முடியாதபடி கெட்டுப்போகும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் வேறு எதையும் மாற்றாமல் இந்த ஒரு விதியைத் தூக்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். முதல் செஷனிலேயே விதியைச் சொல்லிவிட வேண்டும். சாகப்போகும் நேரத்தில் அறிவித்தால் ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) இரக்கப்பட்டுக் காப்பாற்றியது போல ஆகிவிடும். அப்புறம், இழப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாலத்தைக் காக்காமல் ஓடினார்களா, அடுத்த செஷன் தொடங்கும்போது பாலத்துக்கு இந்தப்பக்க ஊரில் எதிரியின் கொடி பறக்கட்டும். அவர்களுக்கு வழக்கமாக மருந்து விற்ற கிழவியின் கடை பூட்டிக் கிடக்கட்டும்.