நியூதோ, குரோகாவா, ஷிமா: அமைதிக்காகப் போவதென்றால் எந்த வெந்நீர் ஊர்?

ஜப்பானின் வெந்நீர் ஊற்றுகளுக்கு ஒன்சென் என்று பெயர். காடு, ஆறு, சத்தமில்லாத இரவு, இவற்றோடு ஒன்சென் வேண்டும் என்பவர்களுக்கு மூன்று ஊர்களை எடை போட்டுப் பார்க்கலாம்: வடக்கே அகிதா மாகாணத்து நியூதோ, தெற்கே கியூஷு தீவின் குரோகாவா, தோக்கியோவுக்கு வடமேற்கே குன்மா மாகாணத்து ஷிமா. மூன்றையும் ஒரே பயணத்தில் அடுக்க வேண்டாம். நியூதோவும் குரோகாவாவும் நாட்டின் இரு கோடிகள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல்முறை ஜப்பான் போய், தோக்கியோவிலிருந்து ஓர் இரவு மட்டும் ஒதுக்க முடியுமென்றால் ஷிமா. இரண்டு இரவு தங்கி விதவிதமான நீரில் குளிக்க வேண்டுமென்றால் நியூதோ. குடும்பமாக, வாடகைக் காரோடு கியூஷுவைச் சுற்றுகிறீர்கள் என்றால் குரோகாவா.

எது உண்மையில் அமைதி?

படத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். நேரில் அப்படி இல்லை. ஷிமாவின் அமைதிக்குக் காரணம் அதன் சாலை. 353ஆம் எண் தேசியச் சாலை மலைக்குள் ஏறி இந்த ஊரோடு நின்றுவிடுகிறது. மேலே ஒகுஷிமா ஏரி வரை போகலாம், அதற்கப்பால் வழி கிடையாது. கடந்து போகும் வண்டி என்று ஒன்றில்லாததால் இரவில் ஆற்றின் ஓசை மட்டும்தான் கேட்கும்.

நியூதோ ஓர் ஊர் என்பதைவிட, பீச் மரக்காட்டுக்குள் சிதறிக்கிடக்கும் ஏழு விடுதிகள் என்பதே சரி. கடைத்தெரு கிடையாது. ஆனால் ஏழில் புகழ்பெற்ற த்சுருநோயுவில் பகலில் கூட்டம் உண்டு. அங்கே வெளியாட்கள் குளிக்கும் நேரம் காலை 10 முதல் மாலை 3 வரை. அதன்பிறகு அந்த இடம் தங்குபவர்களுக்கு மட்டும். ஆகவே த்சுருநோயுவைப் பகலில் எட்டிப் பார்த்துவிட்டு 'கூட்டமாக இருக்கிறது' என்று சொல்வது அந்த இடத்துக்குச் செய்யும் அநியாயம்.

குரோகாவா மூன்றிலும் அழகான தெரு. ஏறத்தாழ 30 விடுதிகள் தனித்தனி விளம்பரப் பலகைகளை அகற்றி, மரம் நட்டு, ஊர் முழுவதுமே ஒரு விடுதி, தெருக்கள் அதன் தாழ்வாரங்கள், ஒவ்வொரு விடுதியும் ஓர் அறை என்று முடிவெடுத்து ஊரை மாற்றின. அந்த அழகே பகல்நேரக் கூட்டத்தையும் இழுக்கிறது. பகல் பயணிகள் கிளம்பிய பின்னும், காலை உணவுக்கு முன்பும்தான் அங்கே அமைதி. பகல் பயணமாகப் போகவே கூடாத ஊர் இது.

போய்ச் சேர

நியூதோ: தோக்கியோவிலிருந்து கொமாச்சி என்ற ஷின்கான்சென் அதிவேக ரயிலில் தசாவாகோ நிலையம் வரை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த வண்டியில் முன்பதிவு இல்லாத பெட்டியே இல்லை. அங்கிருந்து பேருந்தில் சுமார் 50 நிமிடம். த்சுருநோயு பிரதான சாலையிலிருந்து விலகி இருப்பதால், தங்குபவர்கள் ஆல்பா கொமகுசா நிறுத்தத்தில் இறங்கி விடுதி வண்டியில் ஏற வேண்டும். எந்தப் பேருந்தில் வருகிறோம் என்று முன்பே சொல்லியிருந்தால்தான் அந்த வண்டி காத்திருக்கும்.

ஷிமா: தோக்கியோவின் உயெனோ நிலையத்திலிருந்து 'குசாத்சு-ஷிமா' விரைவு ரயிலில் நகானோஜோவுக்கு இரண்டு மணி நேரம், பிறகு பேருந்தில் 40 நிமிடம். தோக்கியோ நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்தும் உண்டு. நேரம் கூடும், பெட்டி தூக்கி மாறும் வேலை மிச்சம்.

குரோகாவா: கியூஷுவின் ஃபுகுவோகா நகரிலிருந்து நெடுஞ்சாலைப் பேருந்தில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஒரு நாளைக்கு ஓடுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, இருக்கை முன்பதிவும் கட்டாயம். வார இறுதியில் பேருந்து நிரம்பிவிட்டால் ரயிலில் போகலாமே என்று நினைக்க வழியில்லை, அந்த ஊருக்கு ரயிலே கிடையாது. விடுதியைப் பதிந்த கையோடு பேருந்தையும் பதிந்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பயணிகள் ஜேஆர் ரயில்களில் நாடு முழுவதும் போய்வர வாங்கும் ஜேஆர் பாஸ், ஏழு நாளுக்கு, 2023 அக்டோபரில் 29,650 யெனிலிருந்து 50,000 யென் ஆனது. தோக்கியோ–தசாவாகோ போய்வரத் தனிச்சீட்டு முப்பதாயிரத்துச் சொச்சம்தான். இந்தப் பயணத்துக்காக மட்டும் பாஸ் வாங்கினால் நஷ்டம்.

நீர்

இங்கேதான் நியூதோ மற்ற இரண்டையும் விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. த்சுருநோயுவில் பால் போன்ற வெண்ணீர். ஊற்றிலிருந்து வரும்போது தெளிவாக இருக்கும் நீர், காற்றுப்பட்டு அதிலுள்ள கந்தகம் நுண்துகளாகப் பிரிவதால் வெளுக்கிறது. சற்றுத் தள்ளி தாயெநோயு விடுதியில் இரும்பு கலந்த செம்பழுப்பு நீர். கனிபா விடுதியில் நிறமற்ற நீர். தங்குபவர்களுக்கு மட்டும் விற்கப்படும் 'யுமெகுரி' கையேட்டை வாங்கினால் ஏழு விடுதிகளிலும் ஒவ்வொரு முறை குளிக்கலாம். ஒரே நாளில் ஏழையும் முடிக்கப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இடைவெளியில்லாமல் நெடுநேரம் குளித்தால் மூன்றாவது குளியலிலேயே தலை கிறுகிறுக்கும். ஒரு நாளைக்கு மூன்று, ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் பத்து நிமிடம், நடுநடுவே தண்ணீர் குடிப்பது, இது போதும்.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது வெள்ளி. கொலுசு, மெட்டி, அரைஞாண் கயிற்றுத் தாயத்து எதுவானாலும் நியூதோவின் கந்தக நீரில் சில நிமிடத்தில் கறுத்துவிடும். காற்றில் கலந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடே வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றப் போதும். ஆகவே கழற்றி உடைமாற்றும் கூடையில் வைத்தால் பாதுகாப்பில்லை. காற்றுப்புகாத பையில் போட்டு அறையிலேயே வைத்துவிட வேண்டும். செம்பு, வெள்ளி கலந்த தங்க நகையும் மங்கலாம். கறுத்துவிட்டால் பதற வேண்டாம். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளி அதைத் தொடும்படி வைத்து, கொதிநீரும் இரண்டு கரண்டி சமையல் சோடாவும் சேர்த்தால் சில நிமிடத்தில் கறுப்பு இறங்கும். கல் பதித்த நகைக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

ஷிமாவின் நீர் உப்பும் சல்ஃபேட்டும் கலந்த தெளிந்த நீர், கந்தக நாற்றமில்லை. குடிப்பதற்கென்றே ஊரில் ஊற்றுத் தொட்டிகள் உண்டு. 1691இல் கட்டப்பட்ட செகிசென்கான் விடுதியின் 'கென்ரோகு நோ யு' குளியல்கூடம் 1930இல் கட்டப்பட்டது. வளைவான உயர்ந்த சன்னல்கள், தரையில் பதித்த ஐந்து கல்தொட்டிகள். உடை மாற்றத் தனி அறை கிடையாது. கதவைத் திறந்ததும் அந்தக் கூடத்திலேயே துணியைக் களைந்து தொட்டிக்குப் போக வேண்டும். ஆற்றோரத்தில் 'கவாரா நோ யு' போன்ற பொதுக் குளியலறைகளும் இருக்கின்றன. கட்டணம் இல்லை, காணிக்கைப் பெட்டி மட்டும். மாலை 3 மணியோடு மூடிவிடுவார்கள்.

குரோகாவாவில் நீர் விடுதிக்கு விடுதி மாறும். மரவட்டில் செய்த 'நியூதோ தெகாதா' (இங்கே 'நியூதோ' என்பது அகிதாவின் ஊர்ப்பெயரல்ல, வெந்நீரில் இறங்குவது என்று பொருள்) என்ற அனுமதிச் சீட்டு 1986 முதல் இருக்கிறது. 1,500 யென், மூன்று ஒட்டுச்சீட்டு, மூன்று வெளிக்குளியல். ஷின்மெய்கான் விடுதியின் குகைக் குளியலுக்கு ஓர் ஒட்டுச்சீட்டை ஒதுக்கலாம். உரிமையாளராக இருந்த கோதோ தெத்சுயா உளியும் சுத்தியலுமாகப் பாறையைத் தன் கையால் குடைந்து உருவாக்கியது அது.

கூச்சம்

மூன்று ஊரிலும் ஆடையின்றித்தான் குளிக்க வேண்டும். முதலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து, தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் முழுவதும் அலசி, முடியைத் தூக்கிக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். சிறு துண்டு நீரில் படக் கூடாது. த்சுருநோயுவின் பெரிய வெளிக்குளம் ஆண் பெண் இருவருக்கும் பொது. நீர் வெண்மையாக இருப்பதால் உள்ளே அமர்ந்தபின் எதுவும் தெரியாது. பெண்களுக்குத் தனிக் குளமும் உண்டு. குடும்பத்தோடு மட்டும் குளிக்க வேண்டுமென்றால், பூட்டிக்கொள்ளக்கூடிய தனிக் குளியல் பல விடுதிகளில் கிடைக்கும் குரோகாவாவே நல்லது.

பருவம்

நியூதோவில் குளிர்காலம் முழுக்கப் பனி. கண்ணுக்கு விருந்துதான், ஆனால் ஏழில் ஒன்றான குரோயு விடுதி நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மூடிக்கிடக்கும். இலையுதிர் நிறம் அங்கே அக்டோபர் நடுவில். அகிதா காடுகளில் கரடி உண்டு; 2025இல் தாக்குதல்கள் அதிகமாகி ராணுவத்தினரே உதவிக்கு வந்தார்கள். கரடிக்கு ஓசை காட்டும் மணி இல்லாமலும் தனியாகவும் காட்டுப்பாதையில் நடக்காதீர்கள்.

சாப்பாடு

சைவர்களுக்கு மூன்றுமே சிரமம்தான். மீனைக் கண்ணில் காட்டாத குழம்பிலும் கத்சுவோ மீன் சாறு இருக்கும். 'சைவம்' என்று மட்டும் எழுதினால் மீன் சாற்றைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 'நிகு, சகானா, கத்சுவோ தாஷி தபெமாசென்' (இறைச்சி, மீன், கத்சுவோ சாறு சாப்பிட மாட்டோம்) என்று பதிவு செய்யும்போதே எழுதுங்கள். முடியாது என்று பதில் வந்தால் உணவில்லாத அறையைக் கேட்கலாம். ஷிமாவிலும் குரோகாவாவிலும் சில கடைகள் உண்டு, சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். நியூதோவில் கடையே இல்லாததால், தசாவாகோ நிலையத்தில் பேருந்து ஏறும் முன்பே இரண்டு நாளைக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ள வேண்டும்.