மைதான ஓர மேசையில் டிஎன்பி டிஎஸ்620: சிறுவர் கால்பந்துப் படங்களை அங்கேயே அச்சிட்டு விற்க இந்தப் பிரிண்டர் சரிப்படுமா?

பிள்ளை ஆடி முடித்த சூட்டோடு படத்தைக் கையில் கொடுத்தால் பெற்றோர் வாங்குகிறார்கள். அதே படத்தின் இணைப்பு இரண்டு நாள் கழித்துக் கைபேசிக்குப் போனால், ரசித்துப் பார்த்துவிட்டு "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். மைதான ஓரத்தில் மேசை போட்டு அங்கேயே அச்சிட்டு விற்கும் முறை இன்னும் தாக்குப்பிடிப்பது இதனால்தான். அந்த மேசைக்குப் பலரும் தேர்ந்தெடுக்கும் இயந்திரம், ஜப்பானின் டாய் நிப்பான் பிரிண்டிங் நிறுவனம் தயாரிக்கும் டிஎஸ்620. போட்டோ பூத்துக்காரர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் குளிரூட்டிய அரங்கில் ஓடும் பிரிண்டர் வேறு, புழுதியும் வெயிலும் ஜெனரேட்டரும் உள்ள மைதானத்தில் ஓடும் பிரிண்டர் வேறு. இங்கே பார்ப்பது இரண்டாவதை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரிண்டர் அருமையானது, நம்பி வாங்கலாம். ஆனால் உங்கள் மேசையில் வரிசை நகராமல் நின்றால், பத்தில் ஒன்பது முறை காரணம் பிரிண்டர் அல்ல. அது பிற்பாடு.

இது டை-சப்ளிமேஷன் வகை. மை தெளிப்பதில்லை. மஞ்சள், மெஜந்தா, சயான் என மூன்று நிறப் பட்டைகளும், நான்காவதாக நிறமற்ற பாதுகாப்புப் பூச்சும் மாறி மாறி வரும் ரிப்பனைப் பிரிண்ட் ஹெட் சூடாக்கி, சாயத்தைத் தாளில் ஏற்றுகிறது. தாள் நான்கு முறை உள்ளே போய் வருகிறது. வெளியே வரும்போது படம் முழுக்க உலர்ந்திருக்கும். வியர்வைக் கையோடு பத்து வயதுப் பிள்ளை பிடுங்கினாலும் கலையாது. இங்க்ஜெட் பிரிண்டர்கள் மைதானத்தில் தோற்பது இந்த ஒரு விஷயத்தில்தான். 6×4 அங்குலப் படம் வர சுமார் 8 விநாடி ஆகும். 6×8 படத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம். பளபளப்போ, பளபளப்பில்லாத மேட்டோ அதே ரிப்பனில் வரும், கணினியில் உள்ள பிரிண்டர் டிரைவர் மென்பொருளில் மாற்றினால் போதும். மேட் கொஞ்சம் மெதுவாக வந்தாலும் விரல் ரேகை தெரியாது என்பதால் மைதானத்துக்கு அதுவே மேல். எடை சுமார் 12 கிலோ, ஒருவர் தூக்கிவிடலாம்.

தாளும் ரிப்பனும் ஜோடியாகவே வரும், ஒரு பெட்டியில் இரண்டு ஜோடி. 6×4 ரோலில் 400 படம், 5×7 ரோலில் 230, 6×8 ரோலில் 200. பெரும்பாலோர் கணக்குப் பார்த்து 6×4 ரோலை வாங்குகிறார்கள். சிறுவர் போட்டிக்கு அது தவறான தேர்வு. 6×8 ரோலையே வாங்குங்கள். டிஎஸ்620-இல் ரிப்பனைப் பின்னுக்குச் சுற்றும் வசதி உண்டு. 6×8 பட்டையில் பாதியை மட்டும் பயன்படுத்தி ஒரு 6×4 அச்சிட்டால், மீதிப் பாதியை அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்ளும், வீணாகாது. அதாவது ஒரே ரோலில் அணிப் படத்தை 6×8 ஆகவும், பிள்ளை ஆடும் படத்தை 6×4 ஆகவும் கொடுக்கலாம். தனியாக ஒரு 6×4 கேட்டால் பின்சுற்றலால் சில விநாடி கூடும். இரண்டு படங்களைச் சேர்த்து அனுப்பினால் ஒரே தாளில் அடித்து நடுவில் வெட்டித் தந்துவிடும், அந்தத் தாமதமும் இல்லை. இறுதியாட்டம் முடிந்து அணியே மேசையைச் சூழ்ந்து நிற்கும்போது ரோல் மாற்றுகிற வேலை மிச்சமாவது பெரிய நிம்மதி.

இப்போது வரிசைக்கு வருவோம். நிமிடத்துக்கு ஏழு படம் அடிக்கக்கூடிய இயந்திரம் உங்களிடம் இருக்கிறது. ஒரு அம்மா திரையில் தன் மகனின் படங்களைத் தேடித் தேர்ந்தெடுக்கச் சர்வசாதாரணமாக மூன்று நிமிடம் எடுக்கிறது. ஒரே திரை வைத்திருந்தால் அந்த மூன்று நிமிடமும் பிரிண்டர் சும்மா நிற்கும். எனவே பணம் மிச்சமிருந்தால் இரண்டாவது பிரிண்டருக்குப் போகாமல் மூன்று டேப்லெட் வாங்குங்கள். அதைவிட முக்கியம், தேடும் வேலையையே குறைப்பது. ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும் முன்பும் மைதான எண்ணும் ஆட்ட எண்ணும் எழுதிய அட்டையை ஒரு படம் எடுங்கள். அடுத்து அணி வரிசையாக நிற்கும் படம் ஒன்று. எல்லாக் கேமராக்களின் கடிகாரத்தையும் காலையிலேயே ஒரே நேரத்துக்கு வையுங்கள், ஒரு நிமிடம் பிசகினாலும் இரண்டு ஆட்டங்களின் படங்கள் கலந்துவிடும். கேமராவின் மெமரி கார்டை எடுத்துவர ஓர் ஆள், மேசையில் பிரித்துப் போட ஓர் ஆள் வேண்டும். 'வயதுப் பிரிவு, அணி, ஆட்டம்' என்ற மூன்றடுக்குக் கோப்புறை போதும். ஜெர்சி எண் வாரியாகப் பிரிப்பது கேட்க அழகாக இருக்கும், நாள் முழுக்க ஓடும் போட்டியில் நடக்காது. சிறுவர் அணிகளில் ஜெர்சியைப் பாதியில் மாற்றிக்கொள்வதும் சகஜம்.

ஆட்டத்துக்கு நானூறு படத்தைத் திரையில் கொட்டுவது விற்பனையைக் கொல்லும். முகம் தெரிய வேண்டும், பந்து சட்டத்துக்குள் இருக்க வேண்டும், கண் மூடியிருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் நீக்கிவிடுங்கள். முட்டி போட்டு, பிள்ளையின் கண் உயரத்தில், 1/1000 விநாடி அல்லது அதற்கும் வேகமான ஷட்டரில் எடுத்த படங்களே நிலைக்கும். பின்புறம் தெரியும் படத்தை எந்தப் பெற்றோரும் வாங்குவதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: கோல் போட்டுவிட்டுத் தோழர்களை நோக்கி ஓடுகிற முதுகு, எண் தெளிவாகத் தெரிந்தால்.

கேமராவிலிருந்து பெரிய கோப்பைக் கொண்டுவரத் தேவையில்லை. 6×4 படத்துக்கு இந்தப் பிரிண்டர் கேட்பது 1844×1240 புள்ளிகள்தான். 24 மெகாபிக்சல் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டி எடுத்தாலும் தரம் குறையாது. தூரத்துக் கோல்கீப்பரைக்கூடத் துணிந்து நெருக்கமாக வெட்டலாம். கவனிக்க வேண்டியது விகிதம். கேமரா தருவது 3:2, அது 6×4-க்கு அப்படியே பொருந்தும். 6×8 என்பது 4:3. அணிப் படத்தை அந்த அளவில் நிரப்பினால் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும், ஓரத்தில் நிற்கும் இரண்டு பிள்ளைகளின் தோள் வெட்டுப்படும். அந்த இரண்டு பேரின் பெற்றோர் படத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், நியாயமும் அவர்கள் பக்கமே. அணியை நிறுத்தும்போதே இருபுறமும் ஒரு கை நீளம் இடம் விடுங்கள். ஓரம் விடாமல் அச்சிடும்போது நான்கு பக்கமும் மெல்லிய கீற்று வெட்டுப்படும் என்பதால், பூட்ஸ் நுனி சட்டத்தின் விளிம்பை ஒட்டி இருக்கக் கூடாது.

நிறத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. கேமராவில் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் எடுத்து, தயாரிப்பாளர் தரும் ஐசிசி புரொஃபைலை (பிரிண்டருக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் கோப்பு) போட்டால் தோல் நிறம் நன்றாகவே வருகிறது. பலர் சந்திக்கும் சிக்கல் வேறு: வெயிலுக்காக லேப்டாப் திரையின் ஒளியை முழுதும் ஏற்றிவைத்துப் பார்த்துச் சரிசெய்கிறார்கள், அச்சில் எல்லாம் இருண்டு விழுகிறது. கூடாரத்தின் நிழலில் திரையை வைத்து, காலையில் ஒரு படத்தை அச்சிட்டு ஒப்பிட்டு, அன்றைக்கான வெளிச்சத்தை ஒரே அளவில் நிறுத்திவிடுங்கள்.

கம்பெனி இலவசமாகத் தரும் ஹாட் ஃபோல்டர் மென்பொருள் விண்டோஸில் ஓடும். 6×4-க்கு ஒரு கோப்புறை, 6×8-க்கு ஒன்று. படத்தை அதில் போட்டால் தானே அச்சாகும். மேசையில் நிற்கும் உதவியாளருக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், இந்த எளிமைக்கு ஒரு தனி மதிப்பெண் தர வேண்டும்.

இனி கோளாறுகள். மைதானத்தில் முதல் எதிரி தூசி. படத்தில் ஒரே ஓர் இடத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்து அடுத்த படத்தில் இல்லையென்றால், தாளில் ஒட்டியிருந்த துகள், கவலை வேண்டாம். பச்சைப் புள்ளி என்றால் மெஜந்தா ஏறும் சுற்றில் மட்டும் துகள் மறைத்திருக்கிறது. ஒரே இடைவெளியில் புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் ரோலர் அழுக்கு. படம் நெடுக நேர்கோடு வந்தால் பிரிண்ட் ஹெட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது. நிறுத்திவிட்டு, ஹெட் ஆறிய பிறகு, பஞ்சு இழை உதிராத துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். அதன் பிறகும் கோடு போகவில்லையென்றால் ஹெட்டில் கீறல், அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. ரோல் மாற்றக் கதவைத் திறக்கும் நேரத்தில்தான் பெரும்பாலான தூசி உள்ளே போகிறது. மேசையைக் காற்று வரும் திசையில், ஓடுகிற கால்களிலிருந்து தள்ளிப் போடுங்கள். தாளின் அச்சாகும் பக்கத்தை விரலால் தொட வேண்டாம், தொட்ட இடத்தில் சாயம் பிடிக்காது.

இரண்டாவது, வெப்பம். இயங்குவதற்கான மேல்வரம்பு 35 டிகிரி. கூடாரத்துக்குள் அது எளிதாகத் தாண்டும். தொடர்ந்து அடித்தால் ஹெட் ஆறுவதற்காகப் பிரிண்டர் தானே நின்று நின்று ஓடும். பழுது என்று நினைத்து அணைத்துப் போட்டால் நேரம்தான் வீண். பின்பக்கக் காற்று வழியை மறைக்காமல், சின்ன விசிறி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், ஆனால் தாள் வெளிவரும் வாய்க்கு நேராக அல்ல. சூடான ஹெட்டில் இருண்ட படங்களை வரிசையாக அடித்தால் ரிப்பன் இழுபட்டுச் சுருங்கி, கறுப்புப் பகுதியில் சாய்ந்த கீற்றுகள் விழும். விளக்கொளியில் நடக்கும் மாலை ஆட்டங்களில் பின்னணி முழுக்கக் கறுப்பு, அங்கே இது அடிக்கடி வரும். கறுப்பைச் சற்றே வெளுக்கச் செய்து, இடையிடையே பகல் படங்களைக் கலந்து அனுப்பினால் குறையும்.

ரிப்பன் அறுந்தால் ரோலைத் தூக்கிப் போட வேண்டாம். சேதமான பகுதியைத் தாண்டி இழுத்து, இரு முனைகளையும் கோணாமல் செலோடேப்பால் ஒட்டி, ஒட்டு முழுவதும் சுற்றிக்கொள்ளும் பக்கத்துக்குள் போகும்வரை கையால் சுழற்றுங்கள். சில படங்களுக்கான ரிப்பன் போகும், அந்த அளவு தாள் கடைசியில் மிஞ்சும். தாள் சிக்கினால் கசங்கிய முனையைச் செங்கோணமாக வெட்டிவிட்டுப் போட வேண்டும். சாய்வாக வெட்டினால் மறுபடியும் சிக்கும். வண்டியில் ஏற்றும் முன் தாளையும் ரிப்பனையும் வெளியே எடுத்துவிடுங்கள். குலுக்கலில் கனமான ரோல் உள்ளே ஆடுவது நல்லதல்ல.

மின்சாரத்துக்கு 500 வாட் ஒதுக்குங்கள். அதே ஜெனரேட்டரில் ஐஸ்கிரீம் பெட்டியும் ஒலிபெருக்கியும் ஓடினால் மின்னழுத்தம் தடுமாறி, நான்கு சுற்றில் மூன்றாவதில் பிரிண்டர் நிற்கும், அந்தப் படம் வீண். சுத்த சைன் அலை, அதாவது வீட்டு மின்சாரம் போலச் சீரான மின்சாரம் தரும் இன்வெர்ட்டரோடு தனி பேட்டரி வைப்பதே பாதுகாப்பு.

அதிகம் பேசப்படாத ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தீர்ந்த ரிப்பனை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். நீங்கள் அச்சிட்ட ஒவ்வொரு படமும் நிற வாரியாக, நெகட்டிவ் போல அதில் அப்படியே இருக்கும். குழந்தையின் முகம், ஜெர்சியில் கிளப் பெயர், எண் எல்லாம் படிக்கக்கூடிய தெளிவில். அதை மைதானக் குப்பைத்தொட்டியில் போடவே கூடாது. எடுத்துவந்து துண்டு துண்டாக வெட்டி அழியுங்கள். வீணாகிப்போன பிரிண்ட்டுகளுக்கும் இதே விதி. போட்டி நடத்துபவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதும், படம் எடுக்கக் கூடாது என்று பெற்றோர் சொன்ன பிள்ளைகளின் அணி, எண் பட்டியலைக் காலையிலேயே கோச்சிடம் கேட்டு மேசையில் வைத்திருப்பதும் தொழிலின் அடிப்படை. திரையில் படத்தோடு பிள்ளையின் பெயரைக் காட்ட வேண்டாம்.

இதே நிறுவனத்தின் ஆர்எக்ஸ்1எச்எஸ் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 6×4 ரோலுக்கு 700 படம் தரும், ஒரு படத்தின் அடக்கவிலை குறையும், ஆனால் வேகம் குறைவு, எடை கூடுதல். 6×4 மட்டும் விற்கிறவருக்கு அது போதும், அளவுகளைக் கலந்து விற்கிறவருக்கு டிஎஸ்620. 8×10, 8×12 வேண்டுமென்றால் டிஎஸ்820 இருக்கிறது. ஆனால் பெரிய அளவைக் களத்தில் அச்சிடுவதைவிட ஆர்டர் எடுத்து போட்டோ லேபில் போட்டு அனுப்புவதே புத்திசாலித்தனம். வெளியே தூக்கித் திரியும் பிள்ளைகளிடம் பெரிய படம் கசங்கித்தான் வீடு சேரும்.

பழைய டிஎஸ்620 வாங்குவதாக இருந்தால், முதலில் அதன் வாழ்நாள் அச்சுக் கணக்கைக் கணினித் திரையில் காட்டச் சொல்லுங்கள், இயந்திரமே அதைப் பதிந்துவைத்திருக்கும். பிறகு முழுப் பக்கமும் ஒரே நடுத்தரச் சாம்பல் நிறமாக உள்ள 6×8 படத்தை உங்கள் கண்முன்னே மூன்று முறை அடிக்கச் சொல்லுங்கள். வண்ணப் படத்தில் ஒளிந்துகொள்ளும் கோடும் புள்ளியும் சாம்பலில் ஒளியாது. மூன்று தாளிலும் ஒரே இடத்தில் கோடு இருந்தால், எதிரிலேயே ஹெட்டைத் துடைத்து நான்காவதை அடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் இருந்தால் வாங்க வேண்டாம்.