இடைவெளி மாற்றும் ஸ்பார்க் டெஸ்டர்: சூடானால் நின்றுவிடும் பழைய காரில் பயன்படுத்திப் பார்த்தது

மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட், அதனுடன் இணைந்த மின்தேக்கியான கண்டன்சர் ஆகியவை கொண்ட பழைய இக்னிஷன் (எரிபொருளைப் பற்றவைக்கும்) அமைப்புள்ள என் கார், காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும். 20 நிமிடம் ஓடிச் சூடானதும் இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை திணறி, நின்றுவிடும். பானெட்டைத் திறந்துபோட்டு அரைமணி நேரம் காத்திருந்தால், எதுவுமே நடவாதது போல மீண்டும் கிளம்பும். பணிமனை ஒன்றில், சிலிண்டருக்குள் பொறி உண்டாக்கும் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் மீது வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்த்து, பொறி வருவதால் கரன்டில் குறையில்லை என்று கூறி, கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தார்கள். குறை அப்படியே இருந்தது. அடுத்த முறை, பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தமாக்கும் காயிலையே மாற்றினார்கள், அப்போதும் தீரவில்லை. அதன் பிறகுதான், இடைவெளியை மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை வாங்கினேன்.

கருவி மிக எளியது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றினுள் இரண்டு உலோக முனைகள் எதிரெதிரே உள்ளன. ஒன்று அசையாதது, மற்றொன்றைத் திருகினால் இடைவெளி கூடவோ குறையவோ செய்யும். ஒரு பக்கம் ஹெச்டி வயரை, அதாவது காயிலின் உயர் மின்னழுத்தத்தைக் கொண்டுசெல்லும் வயரை, செருக வேண்டும். மறுபக்கத்திலிருந்து வரும் வயரின் கிளிப்பை எஞ்சினின் வெறும் இரும்பில் கவ்வவிட வேண்டும்.

பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் வழக்கமான சோதனை ஏன் ஏமாற்றுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இக்கருவியின் பயன் விளங்கும். இவ்வகைக் கார்களில் பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மி.மீ. வரைதான் இருக்கும், வெளிக்காற்றில் அந்த இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். ஆனால் சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்டிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு கூடுதலான மின்னழுத்தம் வேண்டும். ஆகவே நோஞ்சான் பொறிகூட வெளியே எடுத்து வைத்த பிளக்கில் கண்ணுக்குத் தெரியும். உள்ளே போனதும் அணைந்துவிடும். டெஸ்டரில் இடைவெளியை 8 அல்லது 10 மி.மீ. வரை விரித்து வைக்கும்போது, காயில் உண்மையான சுமையைத் தாங்குகிறதா என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

எஞ்சின் குளிர்ந்திருந்தபோது, காயிலிலிருந்து, மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் நடு வயரில் 10 மி.மீ. வைத்துச் செல்ஃப் அடித்தேன். நீலமும் வெண்மையுமான தடித்த பொறி, சுள்ளென்ற ஒலியுடன் சீராகத் தாவியது. பின்பு காரை ஓட்டி, அது தானாக நின்ற இடத்திலேயே அதே சோதனையைச் செய்தேன். 10 மி.மீ. இடைவெளியில் எதுவுமில்லை. திருகித் திருகி 3 மி.மீ. வரை கொண்டுவந்த பிறகுதான், மஞ்சளும் சிவப்புமாக நூல் போன்ற ஒரு பொறி, அதுவும் விட்டுவிட்டு வந்தது. நடு வயரிலேயே பொறி பலவீனமாக இருப்பதால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதனுள் சுழலும் ரோட்டர், பிளக் வயர்கள் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்பது அந்த ஒரு நிமிடத்திலேயே தெளிவானது. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்தது. இக்கருவிக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இதற்காகத்தான்.

ஆனால் மீதிப் பாதியைப் பற்றி டெஸ்டர் வாய் திறக்காது. பேட்டரியிலிருந்து காயில் வரையிலான பாதை, பாயிண்ட், கண்டன்சர் ஆகியவற்றுக்கு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்தான் கைகொடுத்தது. சாவியைப் போட்டதும் காயிலின் பாசிட்டிவ் முனையில் விளக்கு நன்றாக எரிந்தது. நெகட்டிவ் முனையில் வைத்துச் செல்ஃப் அடித்தபோது ஒழுங்காக மினுக்கியதால், பாயிண்ட் திறந்து மூடுவதும் உறுதியானது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, நிழலில் குனிந்து பார்த்தபோது, பாயிண்ட் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் முகங்களுக்கிடையே பளீரென நீலச்சுடர் தெறித்தது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் மின்னோட்டத்தை ஏற்றுக்கொண்டு, அங்கே சுடர் எழாமல் தடுத்து, காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிய வழிசெய்வது கண்டன்சரின் வேலை. அது சூட்டில் கசியத் தொடங்கினால் சுடர் பாயிண்டில் எழும், பிளக்குக்குப் போக வேண்டிய வலு அங்கேயே வீணாகும். விரல் நுனியளவு உள்ள அந்த உருளையை மாற்றினேன். சூடான எஞ்சினிலும் பொறி 10 மி.மீ. தாண்டியது. பழைய கண்டன்சரை ஆறிய பிறகு மல்டிமீட்டரில் அளந்தபோது 0.22 மைக்ரோஃபாரட் என்று யோக்கியமாகக் காட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது அதன் மீது ஏறும் 200, 300 வோல்ட்டையும் எஞ்சினின் சூட்டையும் மீட்டரின் சிறு பேட்டரியால் உண்டாக்க முடியாது.

குறைகளும் உள்ளன. குழாயின் மீது அச்சிட்டுள்ள கிலோவோல்ட் அளவுகோலை நம்ப வேண்டாம். காற்றின் ஈரப்பதமும் முனைகளின் வடிவமும் மாறினால் அதே இடைவெளிக்கு வேறு மின்னழுத்தம் தேவைப்படும் என்பதால், அதை நல்ல நிலையிலுள்ள எஞ்சினோடு ஒப்பிடுவதற்கு மட்டுமே வைத்துக்கொள்ளலாம். வெயிலில் பொறி தெரிவதே இல்லை. ஒரு கையால் நிழல் கொடுத்துக்கொண்டு, மற்றவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. எர்த் கிளிப்பின் ஸ்பிரிங் மிகத் தளர்ச்சி. ஒருமுறை அது பெயின்ட் பூசிய பிராக்கெட்டில் பட்டும் படாமலும் இருந்ததால், நல்ல காயிலையே கெட்டது என்று எண்ணி அரைமணி நேரத்தை வீணாக்கினேன். அது என் கவனக்குறைவும்தான்.

உடன் வந்த ஒற்றைத் தாளில் பாதுகாப்பைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பெட்ரோல் கசிவு அல்லது ஆவி இருக்கும் இடத்தில் இச்சோதனையைச் செய்யவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகில் வரக் கூடாது. பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் மாட்யூல் உள்ள கார்களில், ஹெச்டி வயர் எர்த்தோடு சேராமல் அந்தரத்தில் தொங்கும்போது செல்ஃப் அடித்தால் மாட்யூலோ காயிலோ பழுதாகக்கூடும் என்பதும் அத்தாளில் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். தளர்ந்த கிளிப்பைக் கழற்றிவிட்டு, பழைய ஜம்பர் கேபிளில் இருந்த பெரிய கிளிப்பைச் சால்டர் செய்து பொருத்திய பின், அதே டெஸ்டர் இப்போது கார் டிக்கியில் டெஸ்ட் லேம்ப்புடன் ஒரே துணிப்பையில் கிடக்கிறது.