பழைய ஃபிரிட்ஜ் கதவில் சோடாக் குழாய்: 3 வருஷம் ஓட்டிய கதை

"ஏனுங் மாப்ள, இதுல பீருங்களா வருது?" முதல் தடவை பார்த்தபோது மாமனார் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "இல்லீங் மாமா, வெறும் சோடாங்க" என்றேன். முகம் கொஞ்சம் வாடியது மாதிரி இருந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம், கள்ளுக்குப் பேர்போன சித்தூர் தாலுகாவில், ஃபிரிட்ஜ் கதவில் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? வெளிநாட்டு வீடியோக்களில் இதே ஏற்பாட்டில் பீர்தான் பிடிக்கிறார்கள். இங்கே வீட்டில் பீர் காய்ச்சினால் அப்காரி சட்டம் (கேரளத்து மதுச் சட்டம்) பாயும், பெவ்கோ என்கிற அரசு மதுக்கடைக் கவுண்டரில் பாட்டிலோ டின்னோதான் கிடைக்கும். ஆனால் மீனம், மேடத்தில் (பங்குனி, சித்திரை) பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை நாரங்கா (எலுமிச்சை) சோடா ஓடும் என்று எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும்.

ஃபிரிட்ஜ் அப்பா வாங்கியது. 165 லிட்டர், சிங்கிள் டோர். புதுசு வந்த அன்றைக்கு ஆக்ரிக்காரர் (பழைய சாமான் வாங்குபவர்) 800 ரூபாய்க்குக் கேட்டார். கம்ப்ரசர் நன்றாக ஓடுகிற பெட்டியைக் கொடுக்க மனசு வரவில்லை.

உள்ளே போவது 19 லிட்டர் எவர்சில்வர் கெக், அதாவது அழுத்தம் தாங்கும் மூடிய டிரம். ஒரு காலத்தில் கூல்டிரிங்ஸ் கம்பெனிகள் சிரப் அனுப்பப் பயன்படுத்தியது. கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் ஒன்று பிடித்தேன். உயரம் இரண்டடிக்கு மேல் இருக்கும். தட்டுகளையெல்லாம் கழற்றினால் சில்லர் பெட்டிக்குக் கீழே கச்சிதமாக நின்றது. கம்ப்ரசர் மேடு பின்னால் இடித்ததால் அடியில் ஒரு பலகை. கதவின் உள்பக்கத் தட்டையும் அறுத்து எடுத்துவிட்டுத் தட்டையான ஷீட் அடித்தேன். கெக்கில் தண்ணீர் நிரப்பி, சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கேஸை ஏற்றினால் சோடா, அதைக் கதவுக் குழாயில் பிடிக்கலாம்.

துளை போடும் இடம்தான் முக்கியம். பக்கச் சுவரில் டிரில் வைக்கவே கூடாது. பல மாடல்களில் ஃபிரிட்ஜைக் குளிர்விக்கும் கேஸ் குழாய் அதற்குள்தான் ஓடுகிறது, ஒரு கீறல் விழுந்தால் ஃபிரிட்ஜ் ஆக்ரிதான். புது மாடல்களில் இருக்கும் ஆர்600ஏ கேஸ் தீப்பிடிக்கவும் செய்யும். கதவுக்குள் அந்தக் கேஸ் குழாய் கிடையாது. நடுவில் 22 மில்லிமீட்டர் ஹோல் சா (வட்டத் துளை போடும் ரம்பம்) வைத்து ஓட்டினேன், இரண்டு நிமிஷ வேலை.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. குழாயைத் திறந்தால் டம்ளர் முழுக்க நுரை. நுரை அடங்கினால் அடியில் இரண்டு விரல் தண்ணீர், அதிலும் காரமே இல்லை. பீருக்கு 10, 12 பிஎஸ்ஐ (கேஸ் அழுத்தத்தின் அளவு) போதும். சோடா நாக்கில் சுருக்கென்று குத்த 4 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வேண்டும். அந்த அழுத்தத்தில் அகலமான குட்டைக் குழாய் வழியாகத் தண்ணீர் சீறி வந்தால், கரைந்த கேஸெல்லாம் டம்ளரை அடையும் முன்பே பறந்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி பிரேக்கே இல்லாத வண்டி மாதிரி. உள்விட்டம் 5 மில்லி உள்ள டியூப் 22 அடி வாங்கிச் சுருட்டி உள்ளே வைத்தேன். நீளமும் ஒடுக்கமும் வேகத்தை இழுத்துப் பிடித்ததும் சோடா ஒழுங்காக இறங்கியது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாசமும் முக்கால் சிலிண்டர் கேஸும் ஆனது. முதல் டம்ளர் இன்றைக்கும் நுரையாகத்தான் வரும். கதவுக்கு வெளியே இருக்கும் குழாய் சூடாக இருப்பதுதான் காரணம், அதைச் செடிக்கு ஊற்றிவிடுவேன்.

இரண்டாவது தப்பு குழாய். மலிவாக இருக்கிறதே என்று பித்தளைக்கு குரோம் பூசியதை வாங்கினேன். ஆறாவது மாசம் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன கண்ணு, காசை நக்குனாப்புல இருக்குது" என்றார். கழற்றிப் பார்த்தால் உள்ளே பூச்சு உரிந்து பச்சை படர்ந்திருந்தது. சோடா அமிலத்தன்மை உள்ளது, செம்பு கலந்த எதையும் மெல்ல அரித்து எடுக்கும். அன்றே தூக்கிப் போட்டேன். இப்போது இருப்பது முழுக்க எவர்சில்வர். இந்த ஒரு சாமானில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மூன்றாவது, இஞ்சி. ஆசைப்பட்டு இஞ்சிச் சாறும் நாரங்காவும் சர்க்கரையும் கெக்கிலேயே கலந்தேன். இரண்டு தடவை வடிகட்டியும் நார் போய் வால்வில் உட்கார்ந்துகொண்டது. ரப்பர் வளையங்களில் ஏறிய இஞ்சி வாசம் சுடுதண்ணீர், சோடா உப்பு எதற்கும் போகவில்லை, எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. போதாக்குறைக்குக் குழாய் மூக்கு வழியாகக் கறுப்பு எறும்பு வரிசை கட்டி உள்ளே ஏறியது. ஒருநாள் மகள் டம்ளரில் மூன்று எறும்பு மிதந்தபோது வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது. அதற்கப்புறம் கெக்கில் வெறும் சோடா மட்டும். நன்னாரி, இஞ்சி எல்லாம் தனி பாட்டிலில், அவரவர் டம்ளரில் கலந்துகொள்ளலாம். கழுவும் வேலை பாதியாகக் குறைந்தது.

கேஸ் கணக்கு: ஒரு கெக்குக்குச் சுமார் கால் கிலோ. மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருப்பதால் தீரும் தறுவாய் வரை முள் அப்படியே நிற்கும், பிறகு மடமடவென்று இறங்கும். தராசில் வைத்தால்தான் மிச்சம் தெரியும். சாப்பாட்டுத் தரக் கேஸ் என்று கேட்டு வாங்கவும். தெரிந்தவர் ஒருவர் தீயணைப்பு சிலிண்டர் இனாமாகத் தருவதாகச் சொன்னார், கும்பிடு போட்டேன். அதில் அடிவரை ஒரு குழாய் போவதால் திறந்ததும் திரவம்தான் வரும், ரெகுலேட்டர் பாழ். என்னுடைய சிலிண்டர் வெளியே நிழலில், சுவரோடு சங்கிலி போட்டு நிற்கிறது. கசிந்தால் இந்தக் கேஸ் தரையோடு தேங்கும், மூடிய அறையில் மூச்சு முட்டிவிடும். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது என் வழக்கம்.

செலவு மொத்தம் 24,000 பக்கம் வந்தது. பாட்டில் சோடா வாங்கியிருந்தால் மலிவாக முடிந்திருக்குமா? முதல் வருஷம் நிச்சயம் முடிந்திருக்கும். கரண்ட் வீணாகாமல் இருக்கத் தனியாக ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் மாட்டி 4 டிகிரியில் நிறுத்தியிருக்கிறேன். கரண்ட் போனாலும் 19 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் மூன்று நாலு மணி நேரம் தாங்குகிறது.

இந்த வருஷம் கதவு ரப்பர் தளர ஆரம்பித்திருக்கிறது. பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மூன்று பக்கம் கெட்டியாகப் பிடிக்கிறது, கீழ்ப்பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறது. அடுத்த வாரம் பொள்ளாச்சி போகும்போது அளவு கொடுத்து வாங்க வேண்டும்.