ராய்பாலும் கொன்சாலஸும்: லத்தீனோ உரிமைக்கு இரண்டு வழிகள்

பாகுபாட்டுக்கு ஆளாகும் ஒரு சமூகத்திலிருந்து அவைக்குள் நுழையும் மக்கள் பிரதிநிதி, அந்தச் சமூகத்தின் பெயரைச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டுமா, அல்லது எல்லா ஏழைகளுக்கும் பொதுவான சட்டங்களை இயற்றி அதன் வழியே தன் மக்களையும் கரையேற்ற வேண்டுமா? லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், அமெரிக்காவில் நடத்திய அரசியலில் இந்தக் கேள்விக்கு முதல் வழியைத் தம் வாழ்க்கையால் விடையாகத் தந்தவர் எட்வர்ட் ராய்பால்; இரண்டாம் வழியைத் தந்தவர் ஹென்றி பி. கொன்சாலஸ். இருவரும் 1916-இல் பிறந்தவர்கள், இருவரும் மெக்சிகோ வம்சாவளியினர், இருவரும் ஜனநாயகக் கட்சியினர். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் முப்பது ஆண்டுகள் ஒன்றாக அமர்ந்திருந்தும் இருவரும் ஒரே பாதையில் நடக்கவில்லை.

ராய்பால் 1947-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றத் தேர்தலில் தோற்றார். தோல்விக்குப் பிறகு அவரும் தோழர்களும் சமூக சேவை அமைப்பு என்ற இயக்கத்தைக் கட்டி, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வீடு வீடாகச் சென்று ஆயிரக்கணக்கானோரை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். பின்னாளில் பண்ணைத் தொழிலாளர்களின் தலைவராக உயர்ந்த சீசர் சாவேஸ் பொதுவாழ்வில் பயின்றதும் இதே அமைப்பில்தான். 1949-இல் ராய்பால் வென்றபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த மன்றத்தில் அமர்ந்த முதல் மெக்சிகோ வம்சாவளியினர் ஆனார். அதே ஆண்டில் அவர் புதிய குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கப் போனார். மெக்சிகோக்காரர்களுக்கு விற்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இனத்தைக் காரணம் காட்டி வீடு விற்பதைத் தடுக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இலேயே தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு வந்த மறு ஆண்டில், நகரின் மன்ற உறுப்பினருக்கே அந்த நிலை என்றால், பெயர் அறியாத ஒரு தொழிலாளிக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கொன்சாலஸின் தொடக்கம் வேறு வகையானது. மெக்சிகோப் புரட்சியின்போது தப்பி வந்த குடும்பம். தந்தை சான் அன்டோனியோவில் வெளிவந்த ஸ்பானிய நாளிதழின் ஆசிரியர். வழக்கறிஞராகப் படித்து, நகர மன்றம் வழியாக டெக்சாஸ் மாநில செனட்டுக்குச் சென்ற அவர், 1957 மே மாதம் பள்ளிகளில் இனப்பிரிவினையைக் காப்பாற்றக் கொண்டுவரப்பட்ட மசோதாக்களை எதிர்த்து, சக உறுப்பினர் ஆபிரகாம் கேசனுடன் மாறி மாறி 36 மணி நேரம் பேசி அவையை நிறுத்தினார். அதில் ஏறத்தாழ 22 மணி நேரம் அவருடையது மட்டும். கொன்சாலஸ் என்ற பெயருக்கு டெக்சாஸில் மதிப்பில்லை என்றால், இதே மாநிலத்தில் ஓர் ஊருக்கு ஏன் அந்தப் பெயரை வைத்தீர்கள் என்று அவர் அவையில் கேட்டார். அந்த மசோதாக்களின் முதல் இலக்கு கறுப்பினக் குழந்தைகள். அவர்களுக்காகத் தம் தொண்டை வறளப் பேசியதில்தான் அவருடைய அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. அநீதி யாருக்கு நேர்ந்தாலும் ஒன்றே, அதை இனவாரியாகப் பங்கிடக் கூடாது என்பதே அவருடைய நிலைப்பாடு.

அந்த நிலைப்பாட்டின் வலிமையே ஒரு கட்டத்தில் அவருடைய பலவீனமாகவும் ஆனது. 1969-இல் டெக்சாஸின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் தங்களைச் சிக்கானோக்கள் என்று அழைத்துக்கொண்டு அணிதிரண்டபோது, அவர்கள் இன வெறுப்பைத் தூண்டுகிறார்கள் என்று கொன்சாலஸ் பிரதிநிதிகள் சபையிலேயே கண்டித்தார். அவர்கள் அவரைத் துரோகி என்றார்கள். சில இளைஞர் தலைவர்களின் பேச்சு எல்லை மீறியது உண்மைதான். ஆனால் கிரிஸ்டல் சிட்டி போன்ற ஊர்களில் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினராக இருந்தும், விளையாட்டுப் போட்டிகளில் பள்ளியின் உற்சாகக் குழுவில் அவர்களுள் ஒருவருக்கே இடம் என்று வழக்கம் வைத்திருந்த இடத்தில், பிரிவினையைத் தொடங்கியவர்கள் அந்த மாணவர்கள் அல்லர். இதில் கொன்சாலஸ் தவறிவிட்டார் என்றே நான் கருதுகிறேன். 1976-இல் லத்தீனோ உறுப்பினர்களின் அணியான காங்கிரஸ் ஹிஸ்பானிய உறுப்பினர் குழுவைத் தொடங்கிய ஐவருள் அவரும் ஒருவர். ஆயினும் அதை ராய்பாலைப் போலத் தம் முதன்மைக் கருவியாக அவர் ஒருபோதும் ஆக்கிக்கொள்ளவில்லை.

வீட்டுவசதியில் தராசு கொன்சாலஸ் பக்கமே தாழ்கிறது. ராய்பால் நகர மன்றத்தில் போராடியது போதாது என்பதல்ல. லாஸ் ஏஞ்சலஸின் சாவேஸ் ரவைன் பள்ளத்தாக்கில் பொதுக் குடியிருப்பு கட்டப்போவதாகச் சொல்லி மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை வெளியேற்றிய நகரம், பின்னர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்குக் கொடுத்தது. 1959 மே 8 அன்று, எஞ்சியிருந்த குடும்பம் ஒன்றைக் காவலர்கள் தூக்கி வெளியேற்ற, புல்டோசர் அவர்கள் வீட்டை இடித்ததைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. ராய்பால் எதிர்த்தார்; சிறுபான்மையில் நின்றவரால் தடுக்க முடியவில்லை. கொன்சாலஸோ 1981 முதல் பிரதிநிதிகள் சபையின் வீட்டுவசதித் துணைக்குழுவையும், 1989 முதல் 1995 வரை வங்கித் துறைக் குழுவையும் தலைமையேற்று நடத்தியவர். ரீகன் அரசு வீட்டுவசதி நிதியை வெட்டிக்கொண்டே சென்ற ஆண்டுகளில் அதற்கு அணை போட முயன்ற அவர், 1990-இல் இன்றும் தம் பெயரைத் தாங்கி நிற்கும் தேசிய வீட்டுவசதிச் சட்டத்தை நிறைவேற்றினார். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் கூட்டாட்சி நிதி வழங்கும் ஹோம் திட்டம் அந்தச் சட்டத்தில் பிறந்தது. அதில் லத்தீனோ என்ற சொல்லைத் தேட வேண்டியதில்லை. பயன் அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இங்கேதான் இரு வழிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. கொன்சாலஸின் குழுவில் உருவான 1989-ஆம் ஆண்டு நிதி நிறுவனச் சீர்திருத்தச் சட்டம், வீட்டுக்கடன் கேட்டு வருபவர் ஒவ்வொருவரின் இனத்தையும் வருமானத்தையும் வங்கிகள் பதிவுசெய்ய வேண்டும் என்றது. 1991-இல் அந்தப் புள்ளிவிவரம் முதன்முறையாக வெளியானபோது, கறுப்பினத்தவரின் விண்ணப்பங்கள் வெள்ளையருடையதைப் போல இரு மடங்குக்கு மேலும், லத்தீனோக்களுடையவை ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் மறுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஹிஸ்பானியர் என்று தனியே ஒரு கட்டம் படிவத்தில் இல்லாதிருந்தால் இந்த இரண்டாம் உண்மை வெளிவந்திருக்காது. ஸ்பானிய வம்சாவளியினர் குறித்த புள்ளிவிவரங்களை அரசு தனியே திரட்டி வெளியிட வேண்டும் என்ற 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ராய்பால் கொண்டுவந்தது. இன அடையாளத்தை அரசியலின் அடித்தளமாக்கத் தயங்கியவரின் கையில் அந்த அடையாளக் கணக்கே ஆயுதமாக வந்து சேர்ந்தது.

குடியேறியோர் பாதுகாப்பில் ராய்பாலுக்கு இணையாக யாரையும் வைக்க முடியாது. பருவகால வேலைக்கு மெக்சிகோவிலிருந்து ஆள் எடுத்த பிராசெரோ திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவரக் கொன்சாலஸ் முன்னின்று போராடினார். அது 1964-இல் முடிந்தது. மலிவுக் கூலியைக் காட்டி உள்ளூர்த் தொழிலாளியின் கூலியையும் குறைத்த திட்டம் என்பதால் அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் 1980-களின் பெரும் சோதனை வேறு. ஆவணமில்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனை என்ற மசோதா வந்தபோது, தண்டனைக்கு அஞ்சும் முதலாளி பழுப்பு நிறமும் ஸ்பானியப் பெயரும் உடைய குடிமக்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவார் என்று ராய்பால் எச்சரித்தார். ஹிஸ்பானிய உறுப்பினர் குழுவின் எதிர்ப்பால் 1983-இல் சபாநாயகர் ஓ'நீல் மசோதாவைத் தள்ளிவைத்தார். 1984-இல் ராய்பால், தண்டனைப் பிரிவு இல்லாத, ஆவணமில்லாதோருக்குச் சட்டபூர்வ நிலை தரும் மாற்று மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு தண்டனைப் பிரிவு கொண்ட எதிர்த்தரப்பு மசோதா 216-க்கு 211 என்ற கணக்கில்தான் சபையைத் தாண்டியது, சட்டமாகவில்லை. 1986-இல் இரண்டும் கலந்த சட்டம் நிறைவேறியபோது லத்தீனோ உறுப்பினர்களே பிளவுபட்டு வாக்களித்தனர்.

அந்தச் சட்டத்தால் ஏறத்தாழ 27 லட்சம் பேர் சட்டபூர்வ நிலை பெற்றார்கள் என்பதை மறைத்துவிட்டு ராய்பாலைப் புகழ்வது நேர்மையாகாது. விட்டுக்கொடுத்து வாக்களித்தவர்களிடமும் நியாயம் இருந்தது. எனினும் 1990-இல் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் ஆய்வுசெய்தபோது, தண்டனைப் பிரிவு வந்தபின் முதலாளிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், வெளிநாட்டவர் போன்ற தோற்றத்தையோ பேச்சையோ வைத்துப் பாகுபாடு காட்டத் தொடங்கியிருந்தது தெரிந்தது. ராய்பால் சொன்னதுதான் நடந்தது. பொதுவான சட்டமே போதும் என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் இது: எல்லாருக்கும் ஒன்றுபோல எழுதப்பட்ட ஒரு விதி சிலர் மீது மட்டும் எப்படி விழும் என்பதை, அந்தச் சிலரின் பெயரால் பேசிய ஒருவரால்தான் முன்கூட்டிக் காண முடிந்தது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ராய்பாலின் வழியையே தேர்ந்தெடுப்பேன். வீட்டுவசதிக்கு மட்டும் கொன்சாலஸின் கையில் இருந்த குழுத் தலைமையை அவருக்கும் கேட்பேன்.

ராய்பாலின் மகள் லூசில் ராய்பால்-அலார்ட், தந்தை ஓய்வுபெற்ற 1993-இலேயே காங்கிரஸுக்கு வந்தார். கொன்சாலஸின் மகன் சார்லி 1999-இல் தந்தையின் இடத்துக்கு வந்து, தந்தை ஒட்டாமல் நின்ற அதே ஹிஸ்பானிய உறுப்பினர் குழுவுக்கு 2011 முதல் ஈராண்டுகள் தலைவராக இருந்தார். சிறுவயதில் அழைத்துவரப்பட்டு ஆவணமின்றி வாழ்வோருக்குச் சட்டபூர்வ நிலை தர லூசில் முன்வைத்த மசோதா 2019 ஜூனில் 237-க்கு 187 என்ற கணக்கில் பிரதிநிதிகள் சபையில் வென்றது. செனட் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.